பனையில் கட்டிய எக்காளங்கள்

சில்லாட்டைவிளையில் எக்காளங்களுக்குச் சுண்ணாம்பு தடவிப் பனையில் கட்டிய வருசம் மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று முன்னாலேயே வந்துவிட்டது என்றும் அதனால்தான் அப்படி ஆனது என்றும் சொல்கிறவர்கள் உண்டு, அந்த வருசம் பாளைகள் கண்ணை மூடிக்கொண்டு சுரந்தன, சுரக்கிற பாளைக்கு எது பதனி எது சத்தம் என்று தெரியவா போகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் ஏன் நடந்தது என்று கேட்டுக்கொண்டு யாரும் ரொம்ப நேரம் மெனக்கெடவில்லை, ஏனென்றால் பதனிக் காலத்தில் அந்த ஊரில் உட்கார்ந்து யோசிக்க ஒருத்தருக்கும் நேரம் கிடையாது.

ஊர் தேரியின் ஓரத்தில் இருந்தது. தேரி என்றால் சிவப்பு மணல் மேடு, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும், இன்றைக்கு இருக்கிற பாதை நாளைக்கு இருக்காது. தேரிக்கு இந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஆறாம் வகுப்பு வேண்டுமென்றால் தேரியைத் தாண்டி அந்தப் பக்கம் போகவேண்டும், அப்படித் தாண்டிப்போக வீட்டில் விடாததால்தான் ஞானக்கனி ஐந்தாம் வகுப்போடு நின்றாள். இப்போது அவளுக்கு இடுப்பில் ஒரு கைப்பிள்ளை, ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு நிற்கிற பியூலா என்ற மகள், பனையேறுகிற புருசன் தேவசகாயம், பதனி காய்ச்சுகிற விடிலி என்ற ஓலைக் கொட்டகை, அதற்குள் ஒரு பெரிய கொப்பரை. நாலு பேர் கூடின இடத்தில் ஞானக்கனி வாயைத் திறந்து யாரும் பார்த்தது இல்லை. கோயிலில் பாட்டுப் பாடும்போதுகூட உதடு மட்டும்தான் அசையும். கொப்பரை கொதித்துப் பதம் வந்ததும் "இறக்கு" என்று சொல்லவேண்டியவள் அவள், அதைக்கூட அவள் சொல்லுவதில்லை, துடுப்பால் கொப்பரை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவாள், தேவசகாயம் வந்து இறக்குவான்.

அந்த வருசம் அரசாங்கம் ஓர் ஆறாம் வகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சில்லாட்டைவிளைக்குக் கொடுப்பதா மேலப்புதூருக்குக் கொடுப்பதா என்று பார்த்து வர ஓர் ஆபீசரை அனுப்புகிறது என்று சேதி வந்தது. சேதி வந்த அன்றைக்கே தேவசகாயம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிட்டான்.

"ஆறாம் வகுப்பு இங்க வந்தா பிள்ள படிக்கட்டும். வரலன்னா விடிலியில உன் பக்கத்துல உக்காரட்டும். தேரி தாண்டிப் பொம்பளப் பிள்ளைய விட என்னால ஆகாது, ஆமா."

பியூலா சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவைப் பார்த்தாள். ஞானக்கனி என்னவோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு ரசத்தை ஊற்றினாள். அந்த ரசத்தில் உப்பே இல்லை, யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய டீச்சரும் சின்ன டீச்சரும் ரெத்தினபாய் டீச்சர் ஒருத்தர்தான். அவர் ஊரைக் கூட்டி வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டு பேசினார்.

"மேலப்புதூர்ல ஓட்டுக் கட்டடம் இருக்கு, சிமெண்டு ரோடு இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு?"

"பனை இருக்கு டீச்சர்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பனைய வச்சு ஆறாம் வகுப்பு நடத்த முடியாது அண்ணாச்சி. நான் ஒண்ணு நெனச்சு வச்சிருக்கேன். ஆபீசர் வண்டிய விட்டு எறங்கவும் நம்ம பிள்ளைங்க ஒரு முழக்கம் முழக்கணும். சும்மா பீப்பீன்னு இல்ல. நம்ம காத்து, நம்ம மயிலு, தேரி மணலு, தூரத்துக் கடலு, எல்லாம் அதுக்குள்ள இருக்கணும். நம்ம பள்ளிக்கூடத்துக்குன்னே செஞ்ச முழக்கம். கேட்ட மாத்திரத்துல அந்த மனுசன் தொப்பியக் கழத்தணும்."

"ஆபீசர் தொப்பி போடுவாரா டீச்சர்?" என்று கேட்டாள் பொன்னுத்தாய். பொன்னுத்தாய் ஞானக்கனிக்கு மதினி முறை, பக்கத்து விடிலிக்காரி, அவள் வாய் மூடின நேரத்தை யாரும் பார்த்தது இல்லை.

"போடலைன்னா வாங்கிப் போட்டுக் கழத்தட்டும், இப்ப அதுவா முக்கியம்?" என்றார் டீச்சர், கூட்டம் சிரித்தது.

முழக்கத்துக்கான குழல்களைப் பட்டணத்தில் ஒரு கோயில் பேண்டுக்காரர்கள் கொடுத்தார்கள், அவர்கள் புதுசு வாங்கிவிட்டதால் பழையதைச் சாக்கில் கட்டி அனுப்பினார்கள், நீளக் கழுத்து எக்காளங்களும் பெரிய வயிறு வைத்த பித்தளைக் குழல்களுமாக எல்லாம் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. டீச்சர் அவற்றைப் பனையேறிகளிடம் கொடுத்து, சுத்தம் பண்ணித் தாருங்கள் என்று சொல்லிவிட்டு, முழக்கத்தை எப்படித் தொடங்கலாம் என்று யோசித்தபடி போய்விட்டார்.

அவர்கள் சுத்தம் பண்ணினார்கள். புளி போட்டுத் தேய்த்தார்கள், சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள், தேய்த்தபின் அவை வாய் அகன்று அடி ஒடுங்கிப் பளபளவென்று இருப்பதைப் பார்த்தார்கள், பிறந்த நாளிலிருந்து வாய் அகன்று அடி ஒடுங்கின ஒரே ஒரு சாமானைத்தான் அவர்களுக்குத் தெரியும், அது பதனி பிடிக்கிற கலயம், புதுக் கலயம் கைக்கு வந்தால் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டித் தொங்கவிட்டுப் பழக்கவேண்டும், இல்லாவிட்டால் அது எதற்கும் உதவாது, ஆகவே அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்காமலே எல்லா எக்காளத்துக்கும் உள்ளே சுண்ணாம்பு தடவி, ஊதுகிற ஓட்டையைப் பனைமட்டைச் சில்லாட்டை நாரால் அடைத்து, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டுபோய், பாளையைச் சீவி அதன் வாய்க்குள் விட்டு, பொழுது அடைவதற்குள் கட்டிவிட்டு இறங்கினார்கள்.

விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு வந்த டீச்சர் அண்ணாந்து பார்த்தார். பனைக்குப் பனை பித்தளை மின்னியது.

"ஐயோ, இதென்ன கூத்து! எக்காளத்த யாராவது பனையில கட்டுவாங்களா?"

"நீங்கதான டீச்சர் சுத்தம் பண்ணச் சொன்னிய?" என்றான் தேவசகாயம், இடுப்பில் அரிவாள் பெட்டியைக் கட்டிக்கொண்டே.

"சுத்தம் பண்ணத்தான் சொன்னேன், பாளைய சீவி உள்ள விடவா சொன்னேன்?"

"இதுவும் கலயந்தான் டீச்சர். கழுத்து கொஞ்சம் நீளம், அம்புட்டுதான். பாளையில தொங்கினாத்தான் பழகும்."

சொல்லிவிட்டு அவன் ஏறினான். ஞானக்கனி கைப்பிள்ளையை இடுக்கிக்கொண்டு கீழே குடத்தோடு நின்றாள். அவன் எக்காளத்தை அவிழ்த்ததும் கை ஒரு இறக்கம் இறங்கியது, அவ்வளவு கனம். இறங்கி வந்து குடத்துக்குள் கவிழ்த்தான். ஒரு சொட்டுக்கூட விழவில்லை, ஆனால் குடம் நிறைந்தது. குடத்துக்குள் ஓலை சலசலத்தது, காற்று பனைமட்டையை உரசிக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போய்த் திரும்பி வந்தது, விளிம்பு வரைக்கும் வந்து தளும்பிக் கொஞ்சம் ஞானக்கனியின் கால்மேல் சிந்தியது, கால் சிலிர்த்தது. கைப்பிள்ளை கையைக் கொட்டிச் சிரித்தது.

"அத்தான், இது வடக்குக் கொல்லைப் பனையில அடிக்கிற காத்துல்லா?" என்றாள் அவள், மெதுவாக, அவன் காதுக்கு மட்டும்.

"ஆமா, அதுலதான கட்டுனேன். நல்லாச் சுரந்திருக்கு" என்றான் அவன். அடுத்த மரத்துக்குப் போய்விட்டான்.

பொன்னுத்தாய் மதினியின் மரத்தில் மயில் அகவல் விழுந்திருந்தது, கெட்டியாக, குழல் விளிம்புவரைக்கும். ஊருக்குக் கிழக்கே ஒற்றையாக நின்ற பனையில் கட்டின பெரிய வயிற்றுக் குழலில் கடல் இருந்தது, கடல் அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது, ஆனாலும் இருந்தது. இன்னொன்றில் பனங்காடைப் பறவையின் கரகரப்பு, ஒன்றில் தேரி மணல் சரிகிற சத்தம், மேற்கு ஓரத்து நெட்டைப் பனையில் மட்டும், மலைப்பக்கம் எப்போதோ இடித்த இடி ஒன்று அடியில் வண்டல்போலத் தங்கியிருந்தது.

ஊர் அதைப் பதனியாகவே வைத்துக்கொண்டது. காலையில் இறக்குவதும் மறுபடி சுண்ணாம்பு தடவிக் கட்டுவதும் வேலையோடு வேலையாக நடந்தன. யாராவது வீட்டுக்கு வந்தால் ஓலைப்பட்டை மடித்து அதில் ஊற்றிக் கொடுத்தார்கள், வந்தவர்கள் வாயில் வைக்காமல் காதில் வைத்துக்கொண்டார்கள், "நல்ல பதமா இருக்கு, மேலக்காட்டு மயிலா?" என்று கேட்டார்கள். தூங்காத பிள்ளைகளுக்குத் தேரி மணல் சரிகிற சத்தத்தில் ஒரு கரண்டி காதோரம் விட்டார்கள். கடலில் மிஞ்சினதை மாட்டுத் தொழுவத்தில் தெளித்தார்கள், மாடுகள் ரெண்டு நாளாய் உப்பு நக்குகிற மாதிரி சுவரை நக்கின. ஒருத்தன் சோம்பல்பட்டுச் சுண்ணாம்பைச் சரியாகத் தடவாமல் கட்டின குழலில் காக்காச் சத்தம் விழுந்து, வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிட்டது, அதைக் காதில் வாங்கினவர்கள் தெருவில் கால் பின்னி நடந்தார்கள், கள்ளை வாழ்நாளில் தொடாத, கோயிலில் மணியடிக்கிற கோயில்குட்டியார் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று "கா, கா" என்று தன் பெண்சாதியைக் கூப்பிட்டார். அதற்குப்பிறகு யாரும் சுண்ணாம்பு விசயத்தில் சோம்பல்படவில்லை.

ரெத்தினபாய் டீச்சருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் தெருத்தெருவாக ஓடினார், குடம் குடமாகக் காதை வைத்தார், வைத்த காதை எடுக்க மனசில்லாமல் அடுத்த குடத்துக்கு ஓடினார்.

"இதத்தான் நான் மனசுக்குள்ள கேட்டேன்! இதேதான்! எல்லாத்தையும் கொண்டாங்க, எல்லாத்தையும்!"

கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி எல்லாச் சத்தத்தையும் அதில் ஊற்றினார்கள். மயில்மேல் கடல் விழுந்தது, கடல்மேல் பனங்காடை விழுந்தது, மணலும் காற்றும் முட்டிக்கொண்டன, கேட்டால் சந்தைக்கடை. அது மட்டுமில்லை, விடிந்ததிலிருந்து மத்தியானம் வரைக்கும் கேட்டாலும் தீராத நீளம்.

"என் மயிலு முன்னால வந்தா எல்லாம் சரியாயிரும்" என்றாள் பொன்னுத்தாய். "கூட்டத்துல தள்ளிட்டா பாவம் அது என்ன செய்யும்?"

"மயிலு முன்னால வந்தா காத்து எங்க போகும்? காத்து இல்லாம மயிலு ஆடுமா?" என்றான் தேவசகாயம்.

"உம்ம பொண்டாட்டி பேசாததுக்கும் சேத்து நீரு பேசும் அண்ணாச்சி!"

டீச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "இது தண்ணியா இருக்கு. முழக்கம்னா கெட்டியா இருக்கணும். அரை நிமிசந்தான், ஆனா அந்த அரை நிமிசத்துக்குள்ள மொத்த ஊரும் இருக்கணும். நீளமா தண்ணியா இருக்கத இப்படிக் குறுக்கி, கெட்டியாக்கி..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. அங்கிருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விடிலிப் பக்கம் திரும்பினார்கள். தண்ணியாக இருக்கிறதைக் கெட்டியாக்குவதற்கு என்ன செய்வது என்று அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது.

பெரிய கொப்பரை ஞானக்கனி விடிலியில் இருந்ததால் அங்கேயே காய்ச்சுவது என்று ஆனது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, யார் வீட்டுக் கொப்பரையோ அவள்தான் துடுப்புப் பிடிக்கவேண்டும், துடுப்புப் பிடித்தவள் "இறக்கு" என்று சொல்கிறவரைக்கும் ராஜாவே வந்தாலும் கொப்பரையைத் தொடக்கூடாது, சொன்ன பிறகு ஒரு மூச்சுக்கூடத் தாமதிக்கக்கூடாது. ஞானக்கனி துடுப்பைக் கையில் வாங்கினபோது விடிலிக்குள்ளும் வெளியிலும் வேலிமேலும் ஊர் முழுக்க நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் முறை சொன்னார். முதலில் கடல், அது அடியில் கிடக்கட்டும். அதன்மேல் இடியின் வண்டல். அது சூடேறினதும் மணல், மணல் கரைந்ததும் காற்று, காற்று பொங்குகிற நேரம் பார்த்துப் பனங்காடை, எல்லாம் சுண்டி ஒன்றாக வருகிற நேரத்தில் கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே, மயில்.

"கடைசியா?" என்றாள் பொன்னுத்தாய்.

"கடைசியா வாறதுதான் மதினி காதுல நிக்கும்" என்று வேலிமேலிருந்து பியூலா சொன்னாள், டீச்சர் சொல்லவேண்டியதை அவள் சொல்லிவிட்டாள், அத்தைக்காரியை அம்மா கூப்பிடுகிறபடி மதினி என்று கூப்பிட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள், பொன்னுத்தாயும் சிரித்தாள், மயில் கடைசிக்குப் போக ஒத்துக்கொண்டது.

காய்ந்த ஓலையும் மட்டையும் போட்டுத் தீயை மூட்டினார்கள், டீச்சர் அடிக்கோலால் கொட்டகைக் காலில் தாளம் தட்டினார், அந்தத் தாளத்துக்கு ஞானக்கனி துடுப்பைப் போட்டாள், துடுப்பு போகிற போக்கு சத்தத்துக்குள் ஏறியது, கடல் தாளத்தோடு புரண்டது, இடி தாளத்தோடு உருண்டது, மணலும் காற்றும் சண்டையை விட்டுவிட்டு ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு சுற்றின, நுரை பொங்கிக் கொப்பரை விளிம்பைத் தாண்டப் பார்த்தபோது பதனிக்குப் போடுகிற மாதிரியே ஓர் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டார்கள், நுரை அடங்கியது, சத்தம் சுண்டச் சுண்ட அதன் நிறம் மாறியது, மணம்கூட வந்தது, மழை விழப்போகிற தேரியின் மணம், பிள்ளைகள் நின்ற இடத்திலேயே குதித்தார்கள், பெரியவர்கள் குதிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள், மயிலை ஊற்றினதும் எல்லாரும் ஒரே குரலில் "ஆ!" என்று கத்தினார்கள்.

பதம் வந்துவிட்டது. ஞானக்கனிக்குத் தெரிந்தது, கையில் தெரிந்தது, துடுப்பு ஒரு இழுப்பு இழுத்தது. அவள் விளிம்பில் தட்டினாள். ஊர் கத்திக்கொண்டிருந்தது, கொப்பரை முழங்கிக்கொண்டிருந்தது, தட்டினது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி தட்டினாள். தேவசகாயம் பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்து ஆட்டிக்கொண்டு நின்றான். இறக்கு என்று சொல்லவேண்டும், ஒரே ஒரு சொல், அவள் வாயைத் திறந்தாள், எத்தனை முகம், அத்தனை முகமும் அவளையே பார்க்கிற மாதிரி இருந்தது, தொண்டைக்குள் சொல் வந்து நின்றது, வெளியே வரவில்லை. தேவசகாயம் திரும்பி அவள் முகத்தைப் பார்த்து ஓடிவந்து இறக்கினபோது நேரம் தவறிவிட்டது. கொஞ்சம்தான். ஆனால் தவறிவிட்டது.

சிரட்டைகளில் ஊற்றினார்கள், ஊற்றுகிறபோதே இறுகியது. ஆறினபின் தட்டி எடுத்தால் கருப்பட்டி மாதிரிக் கருகருவென்று கட்டி கட்டியாக முழக்கம். கையில் வைத்துப் பார்த்துப் பொன்னுத்தாய், "யம்மா, என்ன கெட்டி! கல்லு தோத்துப்போகும். நல்ல காச்சல்ட்டி ஞானம்" என்றாள். பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னத் துண்டை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு, அடைத்த நாரை எடுத்துக் கழுவின எக்காளத்தை ஊதவேண்டியது, வாய்ச்சூட்டில் அது இளகி மூச்சோடு போய்க் குழலில் முழங்கும், இதுதான் டீச்சரின் ஏற்பாடு. இளகாது என்று ஞானக்கனிக்குத் தெரியும். முற்றிப்போன கட்டி வாய்ச்சூட்டுக்கு இளகாது. டீச்சரிடம் சொல்வதற்குப் பள்ளிக்கூடத்து வாசல்வரைக்கும் போனாள், உள்ளே டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எக்காளம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், முன்வரிசையில் பியூலா, தன்னைவிடப் பெரிய எக்காளத்தை ஏந்திக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக. ஞானக்கனி திரும்பி வந்துவிட்டாள். பிள்ளைகள் வாய், சூடு அதிகம் இருக்கும், இளகினாலும் இளகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆபீசர் வந்தார். பெயர் கனகசபாபதி, ஒல்லியான மனுசன், தொப்பி இல்லை, மணலில் வண்டி புதைந்ததால் கடைசி கொஞ்ச தூரத்தை நடந்து வந்ததில் செருப்பு நிறையச் செம்மண், முகம் நிறைய எரிச்சல். டீச்சர் கையை உயர்த்தினார். பிள்ளைகள் கன்னம் புடைக்க ஊதினார்கள்.

புஸ் என்றது.

இன்னொரு முறை ஊதினார்கள். பியூலாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, எக்காளத்திலிருந்து காற்று மட்டும் வந்தது.

"என்னம்மா இது, சைக்கிள் டியூப்ல காத்து எறங்குத மாதிரி?" என்றார் ஆபீசர். "சரி, இருக்கட்டும். கட்டடத்தக் காட்டுங்க. மேலப்புதூர்ல சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்காங்க."

கட்டடத்தைப் பார்க்க ஒரு பார்வைகூட முழுசாகத் தேவைப்படவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு வண்டிப்பக்கம் திரும்பினார். டீச்சரின் கை இன்னும் உயர்ந்தபடியே நின்றது. ஞானக்கனி கூட்டத்தைப் பிளந்துகொண்டு மகளிடம் ஓடினாள், காதில் சொன்னாள், "கட்டி முத்திப்போச்சு மக்கா, கரைச்சாத்தான் ஆகும், டீச்சர்கிட்ட சொல்லு, எல்லாரையும் துப்பச் சொல்லு." பியூலா வாயைத் திறந்து காட்டினாள். கல்லு மாதிரிக் கட்டி நாக்குக்கடியில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, டீச்சர் சொல்லாமல் அதைத் துப்பமாட்டாள், வைத்துக்கொண்டு ஒரு சொல் பேசவும் முடியாது. எக்காளத்தை மட்டும் அம்மாவைப் பார்த்து நீட்டினாள். ஆபீசர் நடந்துகொண்டிருந்தார்.

"துப்புங்கலே எல்லாரும்!"

யார் கத்தினது என்று ஊர் திரும்பிப் பார்த்தது. தேவசகாயம் தன் பின்னால் பார்த்தான், பொன்னுத்தாய் மேலே பார்த்தாள். ஞானக்கனி நின்றுகொண்டிருந்தாள், மூச்சு வாங்க, கைப்பிள்ளை இடுப்பில் மிரண்டு அவள் வாயையே பார்த்தது. பிள்ளைகள் உள்ளங்கையில் துப்பினார்கள்.

"சார்! நில்லுங்க சார்! இந்த வெயில்ல நடந்து வந்துட்டு வெறும் வாயோட போனா எங்க ஊருக்கு ஆகாது. ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி குடிச்சுட்டுப் போங்க. மதினி, தீயப் போடுங்க! அத்தான், பெட்டியில மிச்சக் கட்டி இருக்கு, எல்லாத்தையும் தட்டிக் கொண்டாரும்! ஒண்ணும் மிச்சம் வைக்காதீரும்!"

ஆபீசர் நின்றார். அந்தப் பக்கத்தில் பிறந்தவர் யாரும் கருப்பட்டிக் காப்பிக்கு வேண்டாம் என்று சொன்னது கிடையாது, அவரும் அந்தப் பக்கம்தான். உரலில் கட்டியை இடித்தார்கள், கொப்பரையில் தண்ணீர் கொதித்தது, சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டார்கள், அதன்மேல் இடித்த முழக்கத்தைக் கொட்டினாள் ஞானக்கனி, கொட்டினதும் கொப்பரை ஒருமுறை உறுமியது. முதல் டம்ளர் விருந்தாளிக்கு. பிறகு டீச்சருக்கு, பிள்ளைகளுக்கு, வண்டி டிரைவருக்கு, வேலிமேல் இருந்தவர்களுக்கு, அவள் மோந்து மோந்து ஊற்றினாள், கை ஓயவில்லை.

ஆபீசர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "நல்லா" என்று சொல்ல வாயைத் திறந்தார், கடல் வந்தது. அடிக்கடல், ஆழத்தில் புரள்கிற கடல், அந்த ஒல்லி உடம்பிலிருந்து வந்தது, அதற்குள் டிரைவர் வாயிலிருந்து இடி உருண்டு வந்து அதன்மேல் ஏறியது, வேலிமேல் இருந்தவர்களிடமிருந்து மணல் சரிந்தது, ஆம்பளைகள் காற்றாக வீசினார்கள், தேவசகாயம் பனைமட்டையாக உரசினான், டீச்சர் பனங்காடையாகக் கரகரத்துக்கொண்டே அடிக்கோலால் காற்றில் தாளம் போட்டார், தாளம் தப்பவில்லை, ஒன்றுகூடத் தப்பவில்லை, பிள்ளைகள் மடமடவென்று குடித்துவிட்டு எக்காளத்தை வாயில் வைத்து ஊதினார்கள், அத்தனை பித்தளையும் ஒரே நேரத்தில் தொண்டை திறந்து முழங்கியது, பனையெல்லாம் குனிந்து நிமிர்ந்தது, எல்லாவற்றுக்கும் மேலே, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, பொன்னுத்தாய் மதினி மயிலாக அகவினாள், மேலப்புதூர்க்காரர்கள் மழை வருகிறது என்று காயப்போட்டிருந்த மிளகாய்வற்றலை அள்ள ஓடினார்களாம், அப்புறம் சொன்னார்கள்.

முழக்கம் அரை நிமிசம்தான். ஆனால் குடித்தது வயிற்றில் இருக்கிறவரைக்கும் யார் வாயைத் திறந்தாலும் வார்த்தை வரவில்லை, அவரவர் சத்தம்தான் வந்தது. ஆபீசர் முகத்தில் எரிச்சலைத் தேடினாலும் கிடைக்காது, அவர் பையைத் திறந்து தாளையும் பேனாவையும் எடுத்தார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்க வாயைத் திறந்து ஓர் அலையை வீசினார். டீச்சர் பதில் சொல்லப்போய்ப் பனங்காடையாகக் கத்தினார். தேவசகாயம் உரசினான். ஆபீசர் கையை விரித்தார், யாராவது வார்த்தையில் சொல்லுங்கள் என்கிற மாதிரி. கொப்பரை காலி, ஒரு சொட்டுக் குடிக்காமல் நின்றது ஞானக்கனி மட்டும்தான். அந்த இடத்தில் சொல் என்று ஒன்று இருந்தது அவளிடம் மட்டும்தான்.

ஊர் முழுக்க அவளைப் பார்த்தது. இந்த முறை நிசமாகவே பார்த்தது.

"அஞ்சாம் வகுப்பு முடிச்ச பிள்ளைங்க நெறைய இருக்கு சார்" என்றாள். குரல் நடுங்கியது. "எம் மக ஒருத்தி. பேரு பியூலா. தேரி தாண்டி அனுப்ப இங்க யாருக்கும் தைரியம் இல்ல. என்னையும் அனுப்பல. போன வருசம் முடிச்ச பிள்ளைங்க எல்லாம் விடிலியில இருக்கு, அதுகளையும் சேத்துக்கிடணும்."

யாரும் குறுக்கே பேசவில்லை. குறுக்கே பேச யாராலும் முடியாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடுக்கம் நின்றது.

"கட்டடம் இல்லன்னுதான சார் யோசிக்கிய? என் விடிலிய விடுதேன், பதனிக் காலம் முடிஞ்சா அது சும்மாதான் கெடக்கும். அதுக்குள்ள நீங்க ஒரு ரூம்பு கட்டித் தந்துரணும். பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கக்கூசு வேணும். தண்ணிக் கொழாய் வேணும். இன்னொரு டீச்சர் வேணும், ரெத்தினபாய் டீச்சர் ஒத்தையில எத்தன வகுப்பத்தான் பாப்பாக? வண்டி பொதையாம ஒரு ரோடும் வேணும், அது உங்களுக்கும் நல்லதுதான்."

அந்த விதியில் இடமில்லை, இந்தச் சட்டத்தில் வழியில்லை என்று சொல்ல ஆபீசருக்கு ஆசை இருந்ததோ என்னவோ, வாய் நிறையக் கடல் இருந்தது. அவர் டிரைவர் முதுகில் தாளை வைத்து எழுதினார், எழுதி எழுதிப் பக்கத்தைத் திருப்பினார், கீழே கையெழுத்துப் போட்டு டீச்சரிடம் நீட்டினார். ஆறாம் வகுப்பு, சில்லாட்டைவிளை. பியூலா எக்காளத்தைத் தலைக்குமேல் தூக்கி ஊதினாள், பிள்ளைகள் எல்லாரும் ஊதினார்கள், பொன்னுத்தாய் மதினி ஞானக்கனியைக் கட்டிக்கொண்டு காதுக்குள்ளேயே அகவினாள், தேவசகாயம் மனைவி முகத்தைப் புதுசாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு, கைப்பிள்ளையை அவள் இடுப்பிலிருந்து தானாகவே வாங்கிக்கொண்டான்.

வண்டியைத் தள்ளி மணலிலிருந்து கிளப்புகிற நேரத்தில்தான் ஆபீசருக்குக் கடல் வடிந்தது. அவர் தொண்டையைச் செருமிப் பார்த்தார், இன்னொருமுறை செருமினார், சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அம்மா" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் கேட்கிற குரலில், "இன்னும் ஒரே ஒரு டம்ளர் கிடைக்குமா?"

ஞானக்கனி கொப்பரையை ஒரு கையால் கவிழ்த்துக் காட்டினாள்.

"ஏழாம் வகுப்பு தொறக்க வாங்க சார்" என்றாள், ஊர்க்கோடி வரைக்கும் கேட்க. "அன்னைக்குத் தாறேன்."